எடுத்த கையோடு ரத்து செய்த விமான டிக்கெட்: பணம் யார் கையில் நிற்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை என்னுடையது. விமான டிக்கெட் மட்டும் எடுத்துத் தருவதில்லை. அதில் கிடைக்கும் கமிஷனைவிட வாங்கிக்கட்டிக்கொள்ளும் வசவு அதிகம். ஆனாலும் தாங்களே கைப்பேசியில் டிக்கெட் எடுத்துவிட்டு, மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்து நிற்கிறவர்கள் உண்டு. தேதி மாறிவிட்டது, பெயர் தப்பாகிவிட்டது, பணம் இரண்டு முறை போய்விட்டது, ரத்து செய்து இருபது நாளாகியும் ஒரு ரூபாய் வரவில்லை. எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "பணம் வருமா, வராதா?"

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விமான நிறுவனத்திடமா, டிக்கெட் விற்ற தளத்திடமா, வங்கியிலா? அது தெரியாமல் தொலைபேசியில் கத்துவது புதுச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டுச் சிதம்பரத்துக்கு டிக்கெட் கேட்பது மாதிரி.

கையில் மூன்று விவரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை யாரிடம் வாங்கினீர்கள், எந்த நிமிடத்தில் வாங்கினீர்கள், பணம் எப்படிக் கட்டினீர்கள். அடுத்து வரும் சிக்கல் எதுவானாலும் இந்த மூன்றையும் கேட்பார்கள்.

விதியையும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் டிஜிசிஏ, 2019 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி, டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் அல்லது மாற்றலாம் என்று ஆனது. இரண்டு நிபந்தனைகள்: டிக்கெட்டை விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாக எடுத்திருக்க வேண்டும், எடுத்த நாளுக்கும் பயண நாளுக்கும் இடையே குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும். 2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்ட வரைவு இந்த 24 மணி நேரத்தை 48 ஆக்கவும், இடைவெளியை உள்நாட்டுப் பயணத்துக்கு 5 நாள், வெளிநாட்டுப் பயணத்துக்கு 15 நாள் என்று வைக்கவும் முன்மொழிந்தது. நீங்கள் டிக்கெட் எடுக்கும் நாளில் எந்த வரம்பு நடப்பில் இருக்கிறது என்பதை நிறுவனத்தின் ரத்துப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் வழக்கம் எப்போதும் 24 மணி நேரக் கணக்குதான். வரம்பு கூடுதலாக இருந்தாலும் சீக்கிரம் செய்ததால் நட்டம் ஏதுமில்லை.

"இப்போதுதான் எடுத்தேன், தேதி தப்பு"

இதில் பாதிக்கு மேல் நள்ளிரவு விமானத்தால் வருவது. முதுநகரிலிருந்து ஓர் அம்மா சிங்கப்பூர் டிக்கெட்டை அச்செடுக்க வந்தார். மகன் அங்கிருந்தபடியே காலையில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தாளில் 14-ஆம் தேதி, 01:10 என்று இருந்தது. "பதினாலாம் தேதி சாயந்திரம் பஸ் ஏறினால் சரியாக இருக்கும் அல்லவா, தம்பி?" என்றார். சரியாக இருக்காது அம்மா, நீங்கள் மீனம்பாக்கம் போய்ச் சேரும்போது விமானம் சிங்கப்பூரிலிருந்து திரும்பியே வந்திருக்கும் என்றேன். 13-ஆம் தேதி மாலையே கடலூரை விட்டுக் கிளம்ப வேண்டும். அவருக்கோ 14-ஆம் தேதி மதியம் பேரனுக்குக் காது குத்து.

எடுத்து ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. பயணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்த டிக்கெட். மகன் "ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுக்கிறேன்" என்றார். நான் தடுத்தேன். ரத்து செய்தால் பழைய பணம் திரும்பி வரச் சில நாள் ஆகும், புது டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் இன்றே கட்ட வேண்டும். அதே டிக்கெட்டில் தேதியை மட்டும் மாற்றினால், அந்த 24 மணி நேரத்துக்குள் மாற்றுக் கட்டணம் கிடையாது. இரண்டு நாளின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். வித்தியாசம் 900 ரூபாய் வந்தது. கட்டினார், முடிந்தது. பயணம் உறுதி, நாள் மட்டும் தப்பு என்றால் ரத்துப் பக்கம் போகாதீர்கள்.

பயணமே வேண்டாம் என்றால் ரத்து செய்யுங்கள். ஆனால் கடைசிப் பொத்தானுக்கு முந்தைய திரையில் நிதானியுங்கள். கட்டிய தொகை, ரத்துக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் தொகை என்று மூன்று வரிகள் வரும். ரத்துக் கட்டணம் பூஜ்யம் என்று இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் திரையைப் படம் எடுத்த பிறகே அழுத்துங்கள். பின்னால் வாதாட வேண்டி வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

அதே திரையில் இன்னொரு கண்ணியும் உண்டு. நானே அதில் கால் வைத்தேன். மச்சினனுக்கு எடுத்த டில்லி டிக்கெட்டை அன்று இரவே ரத்து செய்தேன். பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு, "எங்களிடமே வரவாக இருக்கட்டும்" என்ற விடையில் முன்கூட்டியே புள்ளி வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பணம் கிரெடிட் ஷெல் எனப்படும் வரவுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது, அடுத்த டிக்கெட்டுக்கு மட்டும்தான் செல்லும் என்றார்கள். வரவாக வைப்பதா, கணக்குக்குத் திருப்புவதா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் அதைத் தானாக முடிவு செய்யக் கூடாது என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது. அந்த வரியை எடுத்துப் போட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் பணம் வங்கிக்கு வந்தது. மூன்று வாரம் போய்விட்டது.

"24 மணி நேரம் ஆகவில்லை, ஆனாலும் ரத்துக் கட்டணம் காட்டுகிறது"

பொத்தானை விட்டுக் கையை எடுங்கள். முதலில் நாளை எண்ணுங்கள். 3-ஆம் தேதி எடுத்த டிக்கெட், 9-ஆம் தேதி பயணம் என்றால் 7 நாள் வரம்பில் சலுகை இல்லை. அங்கே போராடுவதில் பயனில்லை. அடுத்து, எங்கே எடுத்தீர்கள்? பல நிறுவனங்களின் டிக்கெட்டையும் சேர்த்து விற்கும் பயணத் தளத்தில் எடுத்திருந்தால் இந்தச் சலுகை விதிப்படி உங்களுக்குப் பொருந்தாது. அந்தத் தளம் தனியாக ஏதும் வாக்குறுதி கொடுத்திருந்தால் மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெளிநாட்டு நிறுவனமா? இந்தியாவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி பணம் திருப்பலாம் என்று டிஜிசிஏ விட்டுவைத்திருக்கிறது. பாரிஸில் உறவு வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க: எடுத்த 24 மணி நேரத்துக்குள் இலவச ரத்து என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது விதி கிடையாது. அமெரிக்காவில் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து வரும் விமானத்துக்கு, புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடமே நேரடியாக எடுத்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம். அல்லது அந்த நிறுவனம் பணம் வாங்காமலே 24 மணி நேரம் இடத்தைப் பிடித்துவைக்கும் வசதி தந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று கட்டாயம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் கட்டணம் காட்டினால் கடிகாரத்தைப் பாருங்கள். சில டிக்கெட்டுகளில் முன்பதிவு நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அச்சிட்டிருப்பார்கள். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. தாளில் காலை 6 மணி என்றிருந்தால் நீங்கள் எடுத்தது 11.30. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் "நேரம் தாண்டிவிட்டதே" என்று வீட்டுக்குத் திரும்பிப் போகப் பார்த்த ஒருவரை நான் வாசலில் வைத்துப் பிடித்திருக்கிறேன்.

சலுகை கிடைக்கவே கிடைக்காது என்று ஆனாலும் மொத்தமும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் போகக் கூடாது. அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவையும் திரும்ப வந்தே ஆக வேண்டும். சலுகை விலை டிக்கெட், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் என்று எழுதியிருந்தாலும் இதுதான் விதி. விமானத்தைத் தவறவிட்டவருக்கும் இது உண்டு. ஒரு மாதிரிக் கணக்கு: கட்டியது 6,000 ரூபாய். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 4,900, வரியும் நிலையக் கட்டணமும் 800, இணைய வசதிக் கட்டணம் 300. நிறுவனம் அதிகம் பிடிக்கக்கூடியது 4,900. அந்த 800 உங்களுடையது. வசதிக் கட்டணம் 300-ஐப் பெரும்பாலும் திருப்ப மாட்டார்கள், அதை மறந்துவிடுங்கள்.

"பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை"

இது ரத்தே இல்லை. இல்லாத டிக்கெட்டை யாரும் ரத்து செய்ய முடியாது. பதற்றத்தில் உடனே இரண்டாவது டிக்கெட் எடுப்பதுதான் பெரிய தப்பு. அரை மணி நேரம் கழித்து முதல் டிக்கெட்டும் உறுதியாகி வந்து நிற்கும்; அப்போது உண்மையிலேயே ஒன்றை ரத்து செய்ய வேண்டியிருக்கும். மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியைப் பாருங்கள், நிறுவனத்துக்குப் போன் செய்து உங்கள் கைப்பேசி எண்ணில் பி.என்.ஆர். ஏதும் உருவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இல்லை என்றால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த காலக்கெடுப்படி, கணக்கில் பணம் கழிந்து வணிகருக்கு உறுதி போகாத இணையக் கட்டணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கார்டுக்கும் யுபிஐ வழி வணிகருக்குக் கட்டியதற்கும் இதே கெடுதான். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இங்கே கேட்க வேண்டியது உங்கள் வங்கியை.

"தேதி சரி, பெயர்தான் தப்பு"

இதற்காக ரத்து செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே எனக்குப் பழக்கம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான் உண்டு. விமான நிறுவனத்தின் படிவத்துக்கு அது புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், படிவமோ கடைசிப் பெயர் கொடுக்காமல் நகராது. சிலர் வெறும் "ஆர்" என்று போட்டுவிடுவார்கள், சிலர் அப்பா பெயரை முதலில் போடுவார்கள். பிரெஞ்சு ஆவணம் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதை அப்படியே பார்த்து எழுதினால் படிவத்தில் தலைகீழாகிவிடும்.

நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சொன்னால், அதே நபரின் பெயரைத் திருத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. பாஸ்போர்ட்டின் படத்தோடு எழுதுங்கள். "அதே நபர்" என்பது முக்கியம். அண்ணன் டிக்கெட்டில் தம்பி போக வேண்டும் என்றால் அது திருத்தம் ஆகாது, அங்கே ரத்துதான். துபாய்ப் பக்கம் சுற்றுலா விசாவில் போகிறவர்கள், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கவனியுங்கள்; 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் அதில் கண்டிப்பு காட்டுகிறது.

"ரத்து ஆகிவிட்டது, பணம்தான் வரவில்லை"

அதிகமாக வரும் புகார் இது. ரத்து உறுதி மின்னஞ்சலில் இரண்டு வரியைத் தேடுங்கள்: எவ்வளவு, எந்த நாள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ரத்து செய்த 7 நாளுக்குள் நிறுவனம் பணத்தைத் திருப்ப வேண்டும். நிறுவனத்தின் அலுவலகத்தில் ரொக்கமாகக் கட்டியிருந்தால் அங்கேயே உடனடியாகத் தர வேண்டும்.

7 நாள் ஆகியும் வரவில்லை என்றால், "பணம் எப்போது வரும்?" என்று நிறுவனத்தைக் கேட்காதீர்கள். "ஓரிரு நாளில்" என்ற பதில்தான் கிடைக்கும். "பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கார்டு என்றால் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண். யுபிஐ என்றால் 12 இலக்க எண். எண் கொடுத்தால் பணம் நிறுவனத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று பொருள். அதை எழுதிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனால் தேடித் தருவார்கள். எண் கொடுக்க முடியவில்லை என்றால் பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. வங்கியில் போய் நிற்பது வீண். ஒரே கேள்வியில் பணம் யார் கையில் என்பது தெரிந்துவிடும்.

லாஸ்பேட்டைக்காரர் ஒருவர், புதுச்சேரி விமான நிலையத்திலிருந்து ஹைதராபாத் போக எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, ஒரு மாதமாகத் தன் பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கணக்கில் கட்டினீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர், "பணம் கட்டியது மருமகன் கார்டில்" என்றார். பணம் எந்த வழியில் போனதோ அந்த வழியில்தான் திரும்பும். மருமகன் கார்டின் அறிக்கையில் அது இருபது நாளுக்கு முன்பே வந்து, அந்த மாத நிலுவையில் கழிந்தும் போயிருந்தது. மருமகனும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

கிரெடிட் கார்டில் இன்னொரு குழப்பம்: ரீஃபண்ட் வந்தாலும் குறுஞ்செய்தி வராமல் போகலாம், அறிக்கையைத் திறந்து பாருங்கள். பணம் வரப்போகிறது என்று நம்பி அந்த மாத பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். ரீஃபண்ட் வேறு, பில் கட்டுவது வேறு. தாமதக் கட்டணமும் வட்டியும் விழும்.

"டிராவல்ஸில் எடுத்தேன்"

நேரு வீதிப் பக்கத்து டிராவல்ஸிலோ கைப்பேசிச் செயலியிலோ எடுத்தால், விமான நிறுவனம் திருப்பும் பணம் முதலில் ஏஜென்டின் கணக்குக்குப் போகும், அவர் உங்களுக்குத் தர வேண்டும். ஆகவே ரத்து செய்யச் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான். எடுத்த அன்றே உணர்ந்துவிட்டால் ஏஜென்டிடம் "வாய்டு செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். பல நிறுவனங்களின் டிக்கெட்டை, வெளியிட்ட நாளின் நள்ளிரவுக்குள் ஏஜென்டே வெளியிடாததாக ஆக்கிவிட முடியும். மறுநாள் ஆகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். இது தெரிந்த ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

பணம் வராவிட்டால் "நிறுவனம் இன்னும் தரவில்லை" என்று ஏஜென்டும், "ஏஜென்டிடம் கொடுத்துவிட்டோம்" என்று நிறுவனமும் பந்தை உருட்டுவார்கள். ஏஜென்ட் நிறுவனத்தின் பிரதிநிதி, ஆகவே பொறுப்பு நிறுவனத்துடையது என்று டிஜிசிஏ விதி சொல்கிறது. 2019 விதியில் இதற்குக் கெடு 30 வேலை நாள். 2025 வரைவு அதை 21 ஆகக் குறைக்கச் சொன்னது. நிறுவனத்திடமிருந்து "இந்தத் தேதியில் இவ்வளவு தொகை ஏஜென்டுக்கு" என்று எழுத்தில் வாங்கிவிட்டால் ஏஜென்டின் வாய் அடைபடும்.

"கூகுளில் எண் தேடிப் பேசினேன், ஓடிபி கேட்டார்கள்"

போனை வையுங்கள். இப்போதே. ரீஃபண்டுக்காக அலைகிறவர்களைக் குறிவைத்தே போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் இணையத்தில் கிடக்கின்றன. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, திரையைப் பகிரும் செயலி தேவையில்லை. பணம் போய்விட்டிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள், பிறகு வங்கியில் கார்டை நிறுத்துங்கள். எண்ணை டிக்கெட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள்.

"புயல் வருகிறது, ரத்து செய்துவிடவா?"

கார்த்திகை மாதத்துக் கேள்வி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அப்படிப்பட்ட நாளில் அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் உங்கள் தலையில். நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். 24 மணி நேரச் சலுகைக்குள் இருந்தால் ஒழிய, குறுஞ்செய்தி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஈசிஆரில் தண்ணீர் நிற்கும்போது சென்னைக்குக் கிளம்பவும் வேண்டாம்.

"எல்லாம் செய்தேன், பதிலே இல்லை"

ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும், அங்கே எழுதுங்கள். பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். என் அனுபவத்தில் வாடிக்கையாளர் சேவையில் பத்து முறை பேசுவதைவிட ஏர்சேவாவில் ஒரு புகார் வேகமாக வேலை செய்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிக்கல் வங்கியில் என்றால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டில்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

எங்கே எழுதினாலும் கதை வேண்டாம். பி.என்.ஆர்., எடுத்த தேதியும் நேரமும், ரத்து செய்த தேதியும் நேரமும், கட்டிய தொகை, வர வேண்டிய தொகை, வந்த தொகை, கட்டிய வழி. இவ்வளவும் ஒரே பக்கத்தில், கூடவே ரத்து செய்யும்போது எடுத்த அந்தத் திரையின் படம். அச்சுக்கு என் கடையில் பக்கத்துக்கு மூன்று ரூபாய்.